கத்திரி வெயிலும் கொல்லைக் கோழியும்

(எபிசோடின் ஒலிப்பதிவிலிருந்து வாசிப்புக்காகத் திருத்தப்பட்ட எழுத்து வடிவம்)

இந்த வார எபிசோட் கோழி பத்தி. செட்டிநாடுன்னு சொன்ன உடனே உங்க மனசுல கொதிக்கிற குழம்புக் கோழி இல்லை, அதுக்கு முன்னாடி உயிரோட கொல்லையில மேயுதே, அந்தக் கோழி.

காரைக்குடியிலிருந்து அறந்தாங்கி போற ரோட்டுல புதுவயல்னு ஒரு ஊர் இருக்கு. சிவகங்கை மாவட்டம். ரயில்ல போனா ஸ்டேஷன் பேரே 'கண்டனூர் புதுவயல்'தான். அரிசி ஆலைகளுக்குப் பேர் போன ஊர். ஆலை இருந்தா குருணை இருக்கும், தவிடு இருக்கும், உமி இருக்கும். இது மூணும் இருக்கிற ஊர்ல வீட்டுக்கு நாலு கோழி நிக்கிறது ஒண்ணும் ஆச்சரியம் இல்லை.

ஆனா அது வறண்ட பக்கம். சித்திரை வந்துட்டா 40 டிகிரியைத் தொடுற நாள்கள் வரும். மே 4 வாக்கில் ஆரம்பிச்சு 28 வாக்கில் முடியுற கத்திரி நாள்கள்ல, மத்தியானம் ஒரு மணிக்கு நாய்கூட ரோட்டுக்கு வராது. அந்த ஒரு மணியிலிருந்து நாலு மணிக்குள்ளதான் கோழி சாகும். காலையில நல்லா மேஞ்ச கோழி, சாயங்காலம் கூட்டை அடைக்கப் போறப்போ கிடக்கும்.

நாலு கோழி போனா என்ன பெரிய நஷ்டம்னு நகரத்துல இருக்கிறவங்களுக்குத் தோணலாம். ஊர்ல அந்தக் கோழி பெரும்பாலும் வீட்டுப் பெண்களோடது. முட்டை வித்த காசு, சேவல் வித்த காசு அவங்க கைக்குத்தான் போகும். சிறுவாட்டுக் காசுன்னு சொல்வாங்க. பேரப்பிள்ளைக்கு நோட்டு, திடீர்னு ஒரு மாத்திரை, பஸ்ஸுக்குப் பத்து ரூபாய் எல்லாம் அதுலதான். யாரையும் கேக்காம செலவு பண்ணக்கூடிய காசு. வெயில்ல கோழி செத்தா அந்தக் காசும் போயிடும். ஆனா இந்த இழப்புல பெரும்பகுதியைப் பெருசா செலவில்லாமலே தடுக்கலாம். எப்படின்னு பாப்போம்.

கோழிக்கு வேர்க்காது

முதல்ல அதோட உடம்பு எப்படி வேலை செய்யுதுன்னு தெரியணும். நம்ம உடம்புச் சூடு 37 டிகிரி செல்சியஸ். கோழிக்கு 41 டிகிரியை ஒட்டி இருக்கும். காய்ச்சல் எல்லாம் இல்லை, அதுக்கு அதுதான் இயல்பு. அதுக்கு மேல நாலஞ்சு டிகிரி ஏறினா உயிர் தங்காது.

நமக்குச் சூடு ஏறினா வேர்க்கும். வேர்வை காயும்போது உடம்பு குளிரும். கோழிக்கு வேர்வைச் சுரப்பியே கிடையாது. அதுக்கு மேல ஒரு இறகுப் போர்வை வேற. அப்போ அது எப்படிச் சமாளிக்குது?

ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு, உடம்புச் சூட்டை வெளியில இருக்கிற காத்துக்கும் தரைக்கும் கடத்துறது. இறக்கையைத் தூக்கி விரிச்சு நிக்கும், இறகு குறைஞ்ச அடிப்பக்கத்துல காத்து படட்டும்னு. கொண்டைக்கும் தாடிக்கும் ரத்தத்தை அதிகமா அனுப்பும். அந்தச் சிவப்புக் கொண்டை அழகுக்கு மட்டும் இல்லை, வண்டிக்கு ரேடியேட்டர் மாதிரி. அப்புறம் வேப்பமரத்தடி மண்ணைக் கிளறிப் பள்ளம் பண்ணி, நெஞ்சை ஈரமண்ணுல வச்சுப் படுத்துக்கும்.

இந்த வழிக்கு ஒரு எல்லை இருக்கு. வெளிக்காத்து கோழியோட உடம்பைவிடக் குளிர்ச்சியா இருந்தாத்தான் சூடு வெளியே போகும். வெளியிலயே 39, 40னு இருந்தா சூடு எங்க போகும்? அப்போ ரெண்டாவது வழிதான் மிச்சம்: மூச்சு. வாயைத் திறந்து இளைக்கும். சாதாரணமா நிமிஷத்துக்கு 25, 30 தடவை மூச்சு விடுற கோழி, 150, 200 தடவைன்னு விடும். தொண்டையிலயும் மூச்சுப் பாதையிலயும் இருக்கிற ஈரம் ஆவியாகி, போகும்போது சூட்டையும் எடுத்துட்டுப் போகும். ஒரு கிராம் தண்ணி ஆவியாகுறதுக்குத் தேவைப்படுற சூட்டை வச்சு, அரை லிட்டர் தண்ணியை ஒரு டிகிரி சூடாக்கலாம். அவ்வளவு பலமான வழி அது.

ஆனா அதுக்கும் விலை இருக்கு. முதல் விலை தண்ணி. இளைக்க இளைக்க உடம்புத் தண்ணி குறையும். ரெண்டாவது விலை முட்டை ஓடு. வேகமா மூச்சு விடும்போது ரத்தத்துல இருக்கிற கரியமில வாயு அளவுக்கு மீறி வெளியே போயிடும். முட்டை ஓடு கால்சியம் கார்பனேட். அந்த கார்பனேட்டுக்கு கரியமில வாயு வேணும். அது குறைஞ்சா ஓடு மெலிசாகும், சில சமயம் ஓடே இல்லாம தோல்முட்டை விழும். கோடையில முட்டை சட்டுனு உடையுதேன்னு கடையில கோபப்பட்டிருப்பீங்க. காரணம் பெரும்பாலும் கோழி வாங்கின மூச்சுதான்.

கோழிக்கு வழி தெரியும், நாமதான் அடைச்சு வைக்கிறோம்

பொதுவா 18லிருந்து 25 டிகிரி வரைக்கும்தான் வளர்ந்த கோழிக்குச் சுகமான இடம். நம்ம ஊர்ல அப்படி ஒரு பகல் மார்கழியிலதான் வரும். இருந்தும் நாட்டுக்கோழி தலைமுறை தலைமுறையா இங்க வாழ்ந்துட்டு வருது. காரணம், அதுக்கு நகர இடம் இருந்தது. பத்து மணிக்கு மரத்தடி, பன்னிரண்டு மணிக்கு வைக்கப்போர் நிழல், ரெண்டு மணிக்குத் துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்து ஈரம். தானே தேடிப் போயிடும்.

இப்போ கொல்லையில என்ன இருக்கு? மரத்தை வெட்டிட்டு சிமென்ட் தளம் போட்டாச்சு. கோழிக்குன்னு தகர ஷீட் போட்ட சின்னக் கூண்டு. நாய்க்குப் பயந்து பகல்லயும் அடைச்சே வைக்கிறோம். நிழலைத் தேடிப் போகிற வழியை மூடிட்டு, வெயில்ல கோழி தாங்கலைன்னு சொல்றோம். அதனால முதல் வேலை, கருவி வாங்குறது இல்லை. நிழல், காத்து, ஈரமண் மூணுக்கும் கோழி போக முடியுதான்னு பாக்குறது.

இதுக்குப் பாடம் வேணும்னா செட்டிநாட்டு வீட்டையே பாருங்க. உயரமான கூரை. நடுவுல திறந்த முற்றம். முன்வாசல்ல நின்னா பின்வாசல் தெரியுற மாதிரி நேர்கோட்டுல கதவுகள், காத்து நுழைஞ்சு வெளியே போக. வெள்ளையான சுண்ணாம்புப் பூச்சு. அந்தப் பூச்சுல முட்டை வெள்ளைக்கருவும் கலந்தாங்கன்னு கேள்விப்பட்டிருப்பீங்க. வீட்டுக்குக் கோழி அவ்வளவு செஞ்சிருக்கு, அந்த வீட்டோட சூத்திரத்தைக் கோழிக்கூட்டுக்கு நாம எடுத்துக்கலாம்.

கூரையும் கூடும்

கூட்டோட நீளவாக்கு கிழக்கு மேற்கா இருக்கட்டும். அப்போ காலை வெயிலும் மாலை வெயிலும் குறுகின பக்கத்துல மட்டும் படும். நீளமான ரெண்டு பக்கமும் கம்பிவலையா இருக்கணும். கீரி, நாய், மரநாய் பயம் நிஜம்தான், அதனால ராத்திரி அடைக்கத்தான் வேணும். ஆனா பலகை அடிச்சு மூடுறதுக்குப் பதிலா கெட்டியான வலை போட்டா பாதுகாப்பும் இருக்கும், காத்தும் வரும்.

தகர ஷீட்தான் பெரிய எதிரி. அது வெயில்ல காய்ஞ்சு, அடுப்பு மாதிரி சூட்டைக் கீழே இறக்கும். ஏற்கெனவே போட்டாச்சுன்னா மாத்த வேண்டாம். மேல தென்னங்கீத்து பரப்புங்க, பனையோலை கிடைச்சா அதுவும் நல்லது. இல்லைன்னா சுண்ணாம்பு அடிங்க, வெள்ளை வெயிலைத் திருப்பி அனுப்பிடும். சாக்கை நனைச்சு ஷீட் மேல போட்டு பகல்ல ரெண்டு மூணு தடவை தண்ணி தெளிச்சாலும் போதும். கூரை ஓரம் நல்லா வெளியே நீட்டிக்கிட்டு இருந்தா சாய்வெயில் உள்ள வராது.

தரைக்கு உமி போடுறது புதுவயல் பக்கம் சுலபம். ஆனா கோடையில கனமாப் போடாதீங்க, ரெண்டு அங்குலம் போதும். கனமா இருந்தா எச்சத்தோட சேர்ந்து நொதிச்சு அதுவே சூடு கிளப்பும். கிளறி விடுறதை விடியற்காலையில முடிச்சுடுங்க. ஒரு மூலையில உமியே இல்லாம வெறும் மண் விட்டு, காலையில ஒரு குடம் தண்ணி ஊத்துங்க. மத்தியானம் எல்லாக் கோழியும் எங்க படுத்திருக்குன்னு பாருங்க, புரியும்.

தண்ணி: எவ்வளவு, எந்தச் சூட்டில்

சாதாரண நாள்ல ஒரு வளர்ந்த கோழி கால் லிட்டர் வரைக்கும் தண்ணி குடிக்கும். வெயில் நாள்ல அது ரெண்டு மடங்காகும். ஒரே ஒரு தட்டு வச்சா பலமான கோழி குடிக்கும், மெலிஞ்சது நிக்கும். ரெண்டு மூணு இடத்துல, நிழல்ல வைங்க.

அளவைவிட முக்கியம் சூடு. மாடியில இருக்கிற கறுப்பு டேங்க்ல இருந்து ரெண்டு மணிக்கு வர்ற தண்ணியில நீங்க கையே வைக்க மாட்டீங்க. கோழியும் குடிக்காது. தண்ணி இருந்தும் தாகத்துல சாகுறது இப்படித்தான். பிளாஸ்டிக்குக்குப் பதிலா மண்சட்டி வைங்க. மண்சட்டியில தண்ணி கசிஞ்சு ஆவியாகுறதால உள்ளே குளிர்ச்சியா இருக்கும். கோழி மூச்சு விட்டுச் செய்றதைத்தான் அந்தச் சட்டியும் செய்யுது.

கால்நடை மருந்துக்கடையில எலக்ட்ரோலைட் பவுடர் கிடைக்கும். பாக்கெட்ல போட்டிருக்கிற அளவுல, கடும் வெயில் நேரத்துக்கு மட்டும் கலந்து வைங்க. மிச்சத்தைச் சாயங்காலம் கொட்டிடுங்க. மத்த நேரத்துக்கு வெறும் தண்ணி போதும்.

தீனி: எதைங்கிறதைவிட எப்போங்கிறது

சாப்பாடு செரிக்கும்போது உடம்புக்குள்ளேயே சூடு கிளம்பும். காலையில பத்து மணிக்கு வயிறு நிறையக் கொடுத்தா அந்தச் சூடும் மத்தியான வெயிலும் ஒரே நேரத்துல சேரும். அதனால விடியற்காலையில ஒரு தடவை, வெயில் தாழ்ந்த பிறகு ஒரு தடவை. நடுவுல தானியம் வேண்டாம். கீரை, வெள்ளரித் தோல், தர்பூசணித் தோல் போடலாம், அது பெரும்பாலும் தண்ணிதான்.

கிளிஞ்சல் தூளைச் சாயங்காலத் தீனியோட கொடுங்க. முட்டை ஓடு பெரும்பாலும் ராத்திரிதான் உருவாகும், அந்த நேரத்துக்குக் கால்சியம் கையில இருக்கும்.

தவிட்டுல ஒரு எச்சரிக்கை. அரிசித் தவிட்டுல எண்ணெய் நிறைய. கோடைச் சூட்டுல சீக்கிரம் காறிப்போயிடும். மூட்டையா வாங்கி அடுக்காம, கொஞ்சம் கொஞ்சமா வாங்குங்க. காறல் வாடை வந்தா போடாதீங்க.

முட்டையும் அடையும்

சேவலோட இருக்கிற கோழி போட்ட முட்டையில கரு இருக்கும். அடை வைக்காமலே, வீட்டுச் சூடு முப்பது டிகிரியைத் தாண்டும்போது அந்தக் கரு அரைகுறையா வளர ஆரம்பிச்சு, அப்புறம் செத்துடும். உடைச்சா கூழ்முட்டை. அதனால காலையிலயும் மத்தியானமும் முட்டையை எடுத்துடுங்க, வீட்டுக்குள்ள குளிர்ச்சியான இடத்துல வைங்க. அடை வைக்க சேத்த முட்டைன்னா ஒரு வாரத்துக்கு மேல வைக்காதீங்க.

அடையில உக்காந்த கோழி வெயிலானாலும் எழுந்திரிக்காது. அதான் அதுக்கு ஆபத்து. அடைக்கூடையை வீட்டோட இருட்டான, காத்துப் படுற மூலைக்கு மாத்துங்க. கூடைக்கு அடியில மணலைப் பரப்பி லேசா ஈரம் பண்ணுங்க. தண்ணி எட்டுற தூரத்துல இருக்கணும்.

குஞ்சுக்கு மட்டும் கணக்கு வேற. பொரிச்ச முதல் வாரம் அதுக்கு 33, 34 டிகிரி வேணும். பெரிய கோழி இளைக்கிற சூட்டுல குஞ்சு நிம்மதியா இருக்கும். அதனால சித்திரை மாசப் பகல்ல குஞ்சுக்கு பல்பு போட வேண்டிய தேவை பெரும்பாலும் இருக்காது. குஞ்சு வாயைத் திறந்து பல்பை விட்டு ஓடினா சூடு அதிகம், ஒண்ணு மேல ஒண்ணு ஏறிக்கிட்டா குளிருதுன்னு அர்த்தம்.

சென்னையில, மாடியில வளர்க்கிறவங்களுக்கு

நம்ம கேட்கிறவங்கள்ல நிறைய பேர் இந்த வகை. புதுவயலைவிட சென்னையில டிகிரி குறைவாத்தானே காட்டுதுன்னு ஏமாறாதீங்க. கடலோரக் காத்துல ஈரம் அதிகம். ஈரக்காத்துல கோழியோட மூச்சு ஈரம் சுலபமா ஆவியாகாது. அதாவது, அதோட கடைசி ஆயுதம் மழுங்கிடும். வறண்ட ஊர்ல தண்ணி தெளிச்சா குளிரும். புழுக்கமான ஊர்ல கூட்டுக்குள்ள தண்ணி தெளிச்சா புழுக்கம் கூடும். அங்க உங்களுக்கு வேண்டியது காத்து. டேபிள் ஃபேன் வைங்க, ஆனா ஃபேனை மட்டும் நம்பாதீங்க, கரண்ட் போகும்.

மாடித் தளத்துல மத்தியானம் செருப்பில்லாம நீங்க நிக்க முடியாது, கோழியும் அப்படித்தான். பச்சை நிழல்வலையைக் கூட்டுக்கு மேல ரெண்டடி இடைவெளி விட்டுக் கட்டுங்க. ஒரு பழைய டப்பில் ஈரமணல் போட்டு வைங்க. பாட்டில்ல தண்ணியை உறைய வச்சு, துணி சுத்திக் கூட்டுக்குள்ள போட்டா பக்கத்துல வந்து படுத்துக்கும்.

எந்தக் கோழிங்கிறதும் முக்கியம். சிறுவிடை மாதிரி மெலிஞ்ச நாட்டுக்கோழி தாங்கும். கழுத்துல இறகு இல்லாத மொட்டைக் கழுத்துக் கோழி இன்னும் நல்லாத் தாங்கும், இறகு குறைவுங்கிறதால. கறிக்காக வேகமா வளர்க்கிற பிராய்லர்தான் முதல்ல விழும். 2015 மே மாசம் ஆந்திரா, தெலங்கானா வெப்ப அலையில ரெண்டாயிரத்துக்கும் மேல மனுஷங்க இறந்தாங்க. அந்த மாசம் நாட்டுல கோடிக்கும் மேல கோழிகள் செத்ததா செய்தி வந்தது.

விழுந்துட்டா என்ன பண்ணணும்?

மூணு கட்டம் ஞாபகம் வச்சுக்கங்க. இறக்கையைத் தூக்கி நின்னா, சூடு தெரியுதுன்னு சொல்லுது. வாயைத் திறந்து இளைச்சா, உதவி வேணும்னு சொல்லுது. கழுத்தை நீட்டிப் படுத்து, கண்ணை மூடி, கொண்டை வெளுத்தோ நீலமாவோ போனா, உங்களுக்கு இருக்கிறது சில நிமிஷம்தான்.

துரத்திப் பிடிக்காதீங்க, ஓட்டமும் சூடுதான். மெதுவா எடுத்து நிழலுக்குக் கொண்டு போங்க. சாதாரணக் குளிர்ந்த தண்ணியில காலையும் அடிவயிறையும் நனைங்க, கொண்டையிலயும் தாடியிலயும் ஈரக்கையால தடவுங்க, விசிறுங்க. ஐஸ் தண்ணியில முக்க வேண்டாம், அதிர்ச்சி தாங்காது. வாயைப் பிளந்து தண்ணி ஊத்தவும் வேண்டாம், மூச்சுக்குழாய்க்குப் போயிடும். அலகு நுனியில தண்ணி படட்டும், தெளிஞ்சா தானே குடிக்கும்.

இன்னொண்ணு. எல்லாச் சாவையும் வெயில் மேல போட்டுடாதீங்க. வெயில்ல செத்தா, மத்தியானம், திடீர்னு, கொழுத்த கோழி முதல்ல போகும். பச்சையா வெள்ளையா கழிஞ்சு, கழுத்து முறுக்கி, நாளுக்கு ஒண்ணு ரெண்டா செத்தா அது வெள்ளைக்கழிச்சல், ராணிக்கெட் நோய். வெயில்ல தளர்ந்த உடம்புக்கு அது சுலபமாத் தொத்தும். தண்ணி ஊத்திப் பயன் இல்லை. தடுப்பூசிதான் வழி, அதையும் கோடைக்கு முன்னாடியே போட்டுடணும். கால்நடை மருந்தகத்துல கேளுங்க. தமிழ்நாட்டுல 1962ங்கிற எண்ணுக்குக் கூப்பிட்டா கால்நடை உதவி கிடைக்கும்.

கடைசியா, ஒரு நாள் கணக்கு

விடியற்காலை: தீனி, புதுத் தண்ணி, உமி கிளறல், மூலை மண்ணுக்கு ஒரு குடம் தண்ணி. பத்து மணி: தீனியை எடுத்துடுங்க, சாக்கை நனைங்க. பன்னிரண்டு மணி: தண்ணியை மாத்துங்க, முட்டையை எடுங்க. ரெண்டு மணி: ஒரே ஒரு தடவை எட்டிப் பாருங்க, எது இளைக்குதுன்னு. அஞ்சு மணி: தீனி, கிளிஞ்சல். கோழி வாங்குறது, விக்கிறது, பஸ்ல கொண்டு போறது எதுவா இருந்தாலும் காலை எட்டு மணிக்குள்ள முடிச்சுடுங்க. வண்டியில தலைகீழாத் தொங்கவிட்டு உச்சி வெயில்ல கொண்டு போறதை விட்டுடுங்க.

எல்லாம் கூட்டினா ஒரு நாளைக்கு முக்கால் மணி நேரம் வராது. ஊர்ல அம்மாச்சியோ அப்பத்தாவோ கோழி வச்சிருந்தா, இன்னைக்கு போன் பண்ணி ரெண்டு கேள்வி கேளுங்க: கூட்டுக்கு மேல கீத்து போட்டாச்சா, ரெண்டு மணிக்குத் தண்ணி எப்படி இருக்கு? அவங்களுக்கு உங்களைவிட நிறையவே தெரிஞ்சிருக்கும். ஆனா கூரை மேல கீத்து ஏத்த ஒரு ஆள் வேணும். அடுத்த லீவுக்குப் போறப்போ அந்த ஆள் நீங்களா இருங்க. அடுத்த எபிசோட்ல பாக்கலாம்.